36 வயது நட்சத்திரத்துக்கு எத்தனை ஆண்டு கேட்பது?

கேள்வி: விளையாட்டு மேலாண்மை படிக்கிறேன். வகுப்பில் மாதிரிப் பேச்சுவார்த்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். காலம் 2010 இறுதி, நான் பேஸ்பால் வீரர் டெரெக் ஜீட்டரின் ஏஜென்ட், எதிரே நியூயார்க் யாங்கீஸ் நிர்வாகம். ஆறு ஆண்டு ஒப்பந்தம் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவருடைய சாதனைப் பட்டியல் தயார். வேறென்ன வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். ஐந்து உலகத் தொடர் (பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) வெற்றி, கேப்டன் பதவி, 2,926 ஹிட் (பந்தை அடித்து முதல் பேஸையாவது எட்டியது), இதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதற்கான பணத்தை 2001-இல் தொடங்கிய 10 ஆண்டு, 18.9 கோடி டாலர் ஒப்பந்தத்திலேயே கொடுத்து முடித்தாயிற்று என்றுதான் அவர் நினைப்பார். அவர் கையில் இருக்கிற தாள் வேறு: 2009-இல் .334 பேட்டிங் சராசரி வைத்திருந்தவர் 2010-இல் .270-க்கு இறங்கிவிட்டார், வயது 36, ஆடுவதோ ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டிங் நிலை), கால் கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே தெரிந்துவிடுகிற இடம்.

வேறு யார் வாங்குவார்கள் என்பதுதான் இந்த வயதில் முதல் கேள்வி. யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன், வெளியே போய் விலை கேட்டுப் பார்க்கட்டும் என்று பகிரங்கமாகவே சொன்னார். ஏனென்றால் மற்ற கிளப்புகளுக்கு ஜீட்டர் வயதாகிக்கொண்டிருக்கிற ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப், அவ்வளவுதான். யாங்கீஸுக்கு மட்டும்தான் அவர் அதற்கு மேலே. சரி, அப்படியானால் உங்கள் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 3,000-ஆவது ஹிட் என்ற மைல்கல்லுக்கு 74தான் பாக்கி, அதை அவர் வேறு கிளப்பின் சட்டையில் அடிப்பதை எந்த யாங்கீஸ் முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஆக உங்களுக்கும் வேறு இடமில்லை, அவர்களுக்கும் வேறு ஆளில்லை, இதைப் புரிந்துகொண்டு உட்கார்ந்தால் குரலை உயர்த்தவே தேவையிருக்காது.

ஆறு ஆண்டு பேச்சை எடுக்காதீர்கள். மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு, ஃபார்ம் போய்விட்டது என்று வீரரை வெளியே அனுப்பினாலும் மீதித் தொகை முழுவதையும் கொடுத்தாக வேண்டும். இந்தப் பயம் யாங்கீஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது: 2007 இறுதியில் தங்கள் இன்னொரு நட்சத்திரமான அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு 10 ஆண்டு, 27.5 கோடி டாலர் கொடுத்து, 42 வயது வரை அவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். (கடைசியில் 2016 ஆகஸ்டில் அவரை அனுப்பிவிட்டு 2017-க்கும் சம்பளம் கொடுத்தார்கள்.) இன்னொரு நீண்ட ஒப்பந்தத்துக்கு அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஆண்டு கூடுதலாகக் கேட்க உங்களிடம் உள்ள நியாயமான வாதம் ஆடம்பர வரி, அதாவது மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கிளப் லீக்குக்குக் கட்டவேண்டிய வரி. அது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், அதே தொகையை நீட்டிக் கொடுத்தால் கிளப்புக்கு வரிச்சுமை குறையும்.

ஆண்டை எண்ணுவதைவிட கடைசி ஆண்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், என் கணக்கில் பேரம் நடக்கவேண்டிய இடம் அதுதான். நிஜத்தில் என்ன நடந்ததென்றால், கிளப் 3 ஆண்டு, 4.5 கோடி என்று ஆரம்பித்தது, 5.1 கோடியில் முடிந்தது. பிரித்துப் பார்த்தால் 1.5 கோடி, 1.6 கோடி, 1.7 கோடி, அப்புறம் நான்காம் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் பிளேயர் ஆப்ஷன். ஆடுவதா வேண்டாமா என்பது ஜீட்டர் முடிவு, வேண்டாமென்றாலும் 30 லட்சம் கைக்கு வரும். விருது வாங்கினால் ஆப்ஷன் தொகை ஏறும் என்றும் எழுதினார்கள். 2012-இல் 216 ஹிட் அடித்து சில்வர் ஸ்லக்கர் (அந்தந்த இடத்தின் சிறந்த பேட்டருக்கான விருது) வாங்கினார், 80 லட்சம் 95 லட்சம் ஆனது. அந்த அக்டோபரில் கணுக்கால் முறிந்து, 2013-இல் 17 ஆட்டம்தான் ஆடினார். அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பிறகும் கையில் 95 லட்சம் உறுதியாக இருந்ததால், அடுத்த ஆண்டுக்குப் புதிதாக 1.2 கோடிக்குக் கையெழுத்திட முடிந்தது.

ஊக்கத்தொகை கேட்கும்போது கவனம். இத்தனை ஹோம்ரன், இத்தனை சராசரி என்று எழுத விதி அனுமதிக்காது. ஆட்ட எண்ணிக்கை, பேட்டிங் வாய்ப்புகள், விருதுகள், இவற்றுக்குத்தான் போனஸ் வைக்கலாம். ரோட்ரிகஸுக்கு மைல்கல் ஹோம்ரன்களுக்குத் தலா 60 லட்சம் என்று தனியாக விளம்பர ஒப்பந்தமாகப் போட்டார்கள், 2015-இல் அவர் 660-ஆவது ஹோம்ரனைத் தொட்டபோது கிளப் தர மறுத்து, 35 லட்சம் தொண்டு நிறுவனங்களுக்கு என்று சமரசமானது.

வேறு கிளப்புக்கு மாற்றக்கூடாது என்று தனி ஷரத்து கேட்டு ஒரு விட்டுக்கொடுத்தலை வீணாக்க வேண்டாம். 10 ஆண்டு அனுபவமும், அதில் கடைசி 5 ஆண்டு ஒரே கிளப்பிலும் இருந்தவருக்கு அந்த உரிமை தானாகவே உண்டு.

கடைசியாக, வாயை மூடி வைத்திருங்கள். நிஜத்தில் ஏஜென்ட் கேஸி க்ளோஸ் யாங்கீஸின் நிலைப்பாடு புரியவில்லை என்று பத்திரிகையிடம் சொல்லப்போய், அவர்கள் பதில் சொல்ல, விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. கையெழுத்தான பிறகும் ஜீட்டர் அதில் கோபமாகவே இருந்தார். உங்கள் வகுப்பில் யாருக்காவது நிருபர் வேடம் கொடுத்திருந்தால், அவரிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.