பிரௌன் தீர்ப்பும் கறுப்பினப் பள்ளிகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரௌன் தீர்ப்புக்கு முன்னால் அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எப்படி இருந்தன?

பதில்: வர்ஜீனியா மாநிலம் ஃபார்ம்வில்லில் இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 180 பேருக்காகக் கட்டிய இடத்தில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புப் பக்கம் இருந்த பிள்ளைக்கு வேர்க்கும். தள்ளி உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்ற முடியாமல் நடுங்கும். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி எல்லோரையும் திரட்டி வகுப்பைப் புறக்கணிக்க வைத்தார். அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம்தான். பிரிவினையையே எதிர்த்து வழக்குப் போடலாம் என்றவர்கள் வழக்கறிஞர்கள். பிரௌன் வழக்கில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா?

பதில்: எங்கே! அதே ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1959இல் பொதுப் பள்ளிகளை மொத்தமாக மூடிவிட்டது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பே போனது.

கேள்வி: இன்று சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: சட்டம் ஒன்றுதான், பணம் ஒன்றல்ல. பள்ளி நிதியில் ஒரு பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. அதனால் வசதியான ஊரின் பள்ளிக்குப் பணம் அதிகம், ஏழை ஊரின் பள்ளிக்குக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் 5–4 எனத் தீர்ப்பளித்தது.

கேள்வி: கறுப்பின மக்களிலேயே சிலர் கறுப்பின, வெள்ளையர் பள்ளிகளின் இணைப்பைக் குறை சொல்கிறார்களாமே, ஏன்?

பதில்: பிரிவினை திரும்ப வேண்டும் என்று கேட்பவர்கள் அல்ல இவர்கள். இணைப்பு நடந்த விதம்தான் அவர்களை உறுத்துகிறது. தெற்கில் பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளைத்தான் மூடினார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். அந்தப் பள்ளிகள் சும்மா வந்தவை அல்ல. ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற செல்வந்தரின் நிதியுதவியில் 1932 வரை சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தபோது, ஊர்மக்களும் தங்கள் பங்குக்குப் பணம், நிலம், உழைப்பு கொடுத்தார்கள். தனிப் பள்ளியா கலப்புப் பள்ளியா என்பதைவிட உண்மையான கல்விதான் தேவை என்று கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் 1935லேயே எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பிள்ளையின் வீட்டையும் தெருவையும் அறிந்த ஆசிரியரை அனுப்பிவிட்டு, பிள்ளையை மட்டும் புதுப் பள்ளியில் சேர்த்தது பெரிய அநியாயம். கறுப்பின ஆசிரியர்களை நியமியுங்கள் என்று பெற்றோர் இன்றும் பள்ளி வாரியக் கூட்டங்களில் விடாமல் கேட்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.