தோட்ட மண்டபத்துப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, உறுமி மேளக் கேசட்டுகளை இணையத்தில் ஏற்ற முடியுமா? தேர்தல் வந்தால் கட்சிச் சண்டை வராமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்ன நிலவரம் இதுதான்: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். மண்டபத்தில் விண்டோஸ் 10 ஓடும் இரண்டு மேசைக் கணினிகள், 4 ஜிபி ரேம். உள்ளூர் உறுமி மேளக் குழுக்களின் பழைய கேசட்டுகள் ஒரு பெட்டி. மண்டபக் குழுவில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஆட்களும் உண்டு, பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) ஆட்களும் உண்டு. போன தேர்தலில் மண்டபக் கணினியில் ஒரு தரப்பு சுவரொட்டி அடித்ததால் மனக்கசப்பு.

முடியும். மூன்றில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் ஆகச் சுலபம். கேசட் வேலைக்குப் பொறுமை வேண்டும். கட்சி விவகாரத்தை மட்டும் முதல் நாளே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் கணினிகளின் வயதைப் பார்த்தால் விண்டோஸ் 11 ஏறாது. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் கேட்கும். லினக்ஸ் வகைகளில் மின்ட் 22-ஐ, அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 2 ஜிபி ரேமிலேயே எழும், 4 ஜிபி இருந்தால் வேலை செய்யலாம், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். ரேமை விட முக்கியம் ஹார்ட் டிஸ்க். பழைய சுழலும் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால்தான் 'கணினி மாறிவிட்டது' என்று குழுவில் ஒத்துக்கொள்வார்கள்.

நிறுவுவதற்கு 8 ஜிபி யூஎஸ்பி விரலி ஒன்று போதும். வென்டாய் அல்லது எட்ச்சர் என்ற இலவச மென்பொருள் கொண்டு அதில் மின்ட் நிறுவல் கோப்பை எழுதுங்கள். கணினியை முடுக்கும்போது லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். உடனே நிறுவிவிடாதீர்கள். விரலியிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் சோதியுங்கள். பெரும்பாலும் மக்கர் பண்ணுவது வெளியே செருகும் சின்ன வைஃபை டாங்கிள்தான். சில்லுக்கு ஏற்ற டிரைவர் இருக்காது. கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால் இணையம் கிடைத்துவிடும், பிறகு டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

தமிழ்த் தட்டச்சில் ஒரு பொறி இருக்கிறது. விசைப்பலகைப் பட்டியலில் நேராகத் தெரியும் தமிழ்நெட்99-ஐத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வரும், ஆனால் புள்ளி தானாக விழாது. ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐ எடுங்கள். முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகிய கைகளுக்கு அதே தொகுப்பில் ஒலிப்பு முறை உண்டு. ஒன்றிரண்டு விசைகள் இடம் மாறியிருக்கும். பழைய கூட்டக் குறிப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்தால் மின்டோடு வரும் லிப்ரே ஆஃபிஸ் அலுவலகச் செயலியில் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி கேசட். முதலில் மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் உலோக முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அவற்றைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். அடுத்து, நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு. பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் அழுந்தாது, சத்தம் மங்கி மங்கி வரும். வேறொரு வீணான கேசட்டின் ஓட்டுக்குள் நாடாச் சுருளை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். திருகாணி உள்ள ஓடு என்றால் ஐந்து நிமிட வேலை.

வாக்மேன் போன்ற யூஎஸ்பி கேசட் பெட்டிகளை வாங்காதீர்கள். வேகம் நிலையாக இருக்காது. யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருக்கும் பழைய கேசட் டெக்தான் அதைவிட மேல், பெல்ட் மட்டும் புதிதாக இருந்தால் போதும். பெல்ட் தளர்ந்திருந்தால் தவில் பரவாயில்லை, நாதஸ்வரம் அழும். ஹெட்டை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் நீல நிற லைன் இன் துளைக்குக் கம்பி போக வேண்டும். இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்துதான் வரும். அது மிக மெல்லிய சமிக்ஞையைப் பெருக்குவதற்கு உள்ளது. லைன் இன் இல்லாத கணினிக்கு ஆர்சிஏ உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஒலிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பதிவில் இடைவிடாமல் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், டெக்கும் கணினியும் தனித்தனி வழியாக மின்நிலத்தோடு இணைவதால் வரும் மின்நில வளையமாக இருக்கலாம். மேசைக் கணினிக்குப் பதிலாக மடிக்கணினி ஒன்றை இணைத்து, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான்.

பதிவுக்கு ஆடாசிட்டி. 2000-இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமம் உள்ள மென்பொருள். 2021-இல் மியூஸ் குழுமம் அதை வாங்கி, பயனர் தகவலைச் சேகரிக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதற்குள் சிலர் மூல நிரலை எடுத்துத் தனிக்கிளையே தொடங்கிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. நம் ஊர்ச் சங்கங்களில் கிளை பிரிவதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு: இங்கே பிரிந்து போகிறவர் முழுச் சொத்தையும் நகலெடுத்துக்கொண்டு போகலாம், இருப்பவருக்கு ஒன்றும் குறையாது.

44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். உறுமி மேளத்தில் தவிலும் பம்பையும் திடீரென்று எகிறும். குழு முழுவீச்சில் அடிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். சாமி அழைக்கும் மெல்லிய வர்ணிப்பை வைத்து அளவு குறித்தால் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும், அதைத் திருத்த வழியே இல்லை.

பதிவு தொடங்குமுன் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை, கேசட் ஓடும்போதே, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படி அப்படித் திருப்புங்கள். ஜால்ரா ஒலி ஆகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் பதிவானது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இது தேவை. பலரும் விட்டுவிடும் படி இது. விட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கோயில் திருவிழாவில் ஒரே மைக்கில் எடுத்த மோனோ பதிவு என்றால், இதைச் சரிசெய்த பிறகு இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள், இரைச்சல் 3 டெசிபல் அளவுக்குத் தானாகவே இறங்கும். சரிசெய்யாமல் கலந்தால் ஜால்ராவே காணாமல் போகும்.

இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் ஏற்றாதீர்கள். எது இரைச்சல் என்று அதற்குக் காட்ட மாதிரி எடுக்கும்போது, கேசட் ஓடிக்கொண்டிருக்கும் வெற்றுப் பகுதியிலிருந்து எடுங்கள். தொடக்கத்தில் உள்ள நிறமற்ற முன்நாடாவில் காந்தப் பூச்சே கிடையாது, அங்கே எடுத்தால் பயனில்லை. அளவை மீறினால் உறுமியின் இழுப்பு தண்ணீருக்குள் அடிப்பதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

ஒலிக்கோப்பு வடிவங்களில், சேமிப்பதற்கு ஃபிளாக், பகிர்வதற்கு ஓப்பஸ். ஒரு மணி நேரக் கேசட் 16 பிட் வேவ் கோப்பாக ஏறத்தாழ 635 எம்பி வரும். 24 பிட்டில் அதைவிட ஒன்றரை மடங்கு. ஃபிளாக் தரம் குறையாமல் அதைக் கணிசமாகச் சுருக்கும். ஓப்பஸ் 96 கிலோபிட்டில் 43 எம்பிதான். இரண்டுமே காப்புரிமைக் கட்டணம் இல்லாத வடிவங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள்.

ஏற்றுவதற்கு முன் உரிமையைப் பாருங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டு, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும். 1990-இல் வெளியிட்ட கேசட் 2040 முடியும்வரை யாரோ ஒருவருடையது. ‘நம்ம தோட்டத்துப் பசங்க அடிச்சது’ என்பது உரிமை ஆகாது. குழுத் தலைவரிடமோ வாரிசிடமோ ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: யார் யார் வாசித்தார்கள், எந்தக் கோயில், எந்த ஆண்டு, எந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம். முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் வழிவழியாக வரும் வர்ணிப்புகளில் சிக்கல் குறைவு. சினிமா மெட்டில் சாமி வரிகளைப் போட்டுப் பாடியவைதான் வம்பு. மெட்டு சினிமா இசையமைப்பாளருடையது, பதிப்புரிமை உள்ளவற்றைத் தானாகத் தேடும் யூடியூபின் கண்டன்ட் ஐடி மெட்டையும் கண்டுபிடிக்கும். வருவது உரிமைக் கோரிக்கையா (கிளெய்ம்), அலைவரிசைக்கு எதிரான ஸ்டிரைக் எச்சரிக்கையா என்று படித்துப் பாருங்கள். கோரிக்கை என்றால் வருமானம் அவர்களுக்குப் போகும் அல்லது காணொளி தடைபடும், அவ்வளவுதான். 90 நாளில் மூன்று ஸ்டிரைக் வந்தால் அலைவரிசையே போய்விடும்.

வருமானக் கணக்கு போட்டு இறங்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் ஒலிப்பதிவுக்குக் காசு. நம் குழுக்களின் பெரும்பாலான பதிவுகள் அதைத் தொடுவது சிரமம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் ஏற்றினால் ஃபிளாக் கோப்பே அப்படியே இருக்கும், செலவும் இல்லை.

அரசியல் நுழைவது இங்கேதான். படைப்பைப் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘என் எதிர்க்கட்சி பயன்படுத்தக் கூடாது’ என்று எழுத இடமில்லை. வணிகமல்லாத பயன்பாடு என்ற வகையும் கட்சியைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. பிரசாரம் வணிகமா என்று வாதாட வேண்டிவரும். உண்மையில் கைகொடுப்பது பிஒய்-என்டி 4.0, அதாவது பெயர் குறிப்பிட்டு மாற்றாமல் பகிரும் உரிமம். அசையும் படத்தோடு பாட்டைப் பொருத்துவதே இந்த உரிமங்களில் ‘மாற்றம்’ என்று கணக்கு. ஆகவே வேட்பாளர் கைகூப்பும் காணொளிக்குப் பின்னணியாக உங்கள் உறுமியை ஓட்ட முடியாது. இதற்கு விலையும் உண்டு: பேரன் தன் கல்யாணக் காணொளியில் போட்டுப் பொதுவில் ஏற்றுவதற்கும் அதே தடைதான். சாமிப் பாட்டுக்கு இந்தக் கெடுபிடி தகும் என்பது என் கருத்து.

மென்பொருளில் அப்படி ஒரு கெடுபிடியை எதிர்பார்க்காதீர்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் வகுத்த நான்கு சுதந்திரங்களில் முதலாவது, எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம் என்பது. ‘நல்லதுக்கு மட்டும் பயன்படுத்துக, தீயதுக்கு அல்ல’ என்று ஒரு வரி சேர்த்திருந்த ஜேசன் என்ற மென்பொருள் உரிமத்தைக்கூட, கட்டற்றது அல்ல என்று டெபியன் லினக்ஸ் குழு ஒதுக்கியது. எனவே மண்டபத்து லிப்ரே ஆஃபிஸில் இரண்டு கட்சியும் சுவரொட்டி அடிக்கலாம், மென்பொருள் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் மண்டபக் குழுதான் தடுக்க வேண்டும். என் யோசனை, மற்ற நாட்களில் தடுக்காதீர்கள். இருவருக்கும் ஒரே நேர அட்டவணை, ஒரே காகிதக் கட்டணம் வையுங்கள், ஆனால் வேட்புமனு நாள் முதல் வாக்களிப்பு முடியும்வரை எவருக்கும் இல்லை என்று விதி போடுங்கள். 1974 முதல் ம.இ.கா.வின் சாமிவேலு வைத்திருந்த நாடாளுமன்றத் தொகுதி 2008-இல் பி.கே.ஆர். சின்னத்தில் நின்ற ஜெயக்குமாரிடம் போன ஊர் அது, 2018-இல் மறுபடி கைமாறியது. இன்றைக்குச் சலுகை கேட்கும் தரப்பு நாளைக்கு மறுபக்கம் நிற்கும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கணினியில் இதற்கான ஏற்பாடு எளிது. நிர்வாகிக் கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுங்கள், இருவரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டாம். மற்ற அனைவருக்கும் விருந்தினர் கணக்கு. மின்டில் ‘உள்நுழைவுச் சாளரம்’ அமைப்பில் அதை இயக்கலாம். வெளியேறியதும் கோப்புகள், திறந்து வைத்த புலனம், உலாவிச் சுவடுகள் எல்லாம் அழிந்துவிடும். அடையாள அட்டை எண்ணோடு உள்ள உறுப்பினர் பட்டியல், வாக்காளர் பட்டியல் எதையும் மண்டபக் கணினியில் வைக்க அனுமதிக்காதீர்கள். கேசட் பதிவுகளுக்கு வேறு வெளி டிஸ்க், அதன் நகல் ஒன்று தமிழ்ப்பள்ளியில்.

ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) புதுக் கணினி தருவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கம் 1மலேசியா நெட்புக் என்ற சிறு மடிக்கணினிகளைக் கொடுத்த காலத்திலிருந்தே இது பழகிய விஷயம். தமிழ்நாட்டில் 2011-இல் கொடுத்த மடிக்கணினிகளில் முதலமைச்சர் படம் இருந்தது, உள்ளே விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. மலேசியாவின் கிராமப்புற இணைய மையங்களின் பெயர்ப்பலகையும் ஆட்சிக்கு ஆட்சி மாறி இப்போது நாடி என்று நிற்கிறது. பெட்டியைத் திறக்கும் அன்றே, பொருள் மண்டபக் குழுவின் சொத்து என்றும், கொடுத்தவருக்கு உள்நுழைவுக் கணக்கு கிடையாது என்றும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கை முழுதாக அழித்து மின்ட் போடுங்கள். ஸ்டிக்கரைச் சுரண்டிச் சண்டை வளர்க்க வேண்டாம், அது சூட்டில் தானாக உரிந்துவிடும்.