ஆள் வரைந்து பழகினால் மலையும் மரமும் திருந்துமா? - கேள்வி பதில்

மனித உருவம் வரையும் பயிற்சியைப் பற்றிச் சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், நான் வாட்டர்கலரில் இயற்கைக் காட்சி மட்டும்தான் வரைகிறேன். ஏரி, காப்பித் தோட்டம், பனி, சில்வர் ஓக் மரங்கள். என் படத்தில் மனிதர்களே கிடையாது. நான் எதற்கு ஆள் வரைந்து பழக வேண்டும்? (ஏற்காடு)

மரத்தில் ஒரு கிளை ஒரு விரல் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது, வரைந்த உங்களுக்கே தெரியாது. முகத்தில் ஒரு கண் நூல் அளவு இறங்கினால், ஓவியத்தைப் பற்றி ஒன்றும் அறியாத உங்கள் பாட்டிகூட "மூஞ்சி கோணலா இருக்கே" என்பார். பிறந்தது முதல் மனித முகத்தையும் உடம்பையும் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. அதனால் ஆள் வரையும்போது தப்பு உடனே தெரிகிறது, திருத்தவும் வழி பிறக்கிறது. இந்தக் கண்டிப்பு மரத்திடம் கிடைக்காது.

அடுத்தது பாரம். ஒற்றைக் காலில் எடையைப் போட்டு நிற்பவரைக் கவனியுங்கள். எடை தாங்கும் பக்கம் இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும். நேராக எதிரே நின்று பார்த்தால், தொண்டைக்குழியிலிருந்து கீழே விட்ட கோடு அந்தக் காலின் கணுக்கால் அருகே வந்து சேரும். சேராவிட்டால், படத்தில் இருப்பவர் இப்போது விழப்போகிறார் என்று தோன்றும். இதைப் பார்த்துப் பழகிய கண், சரிவில் மிளகுக் கொடி சுற்றி நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்தாலும் முதலில் அதன் பாரம் எங்கே இறங்குகிறது என்றுதான் தேடும். சரிவில் நிற்கும் பல மரங்களுக்கு அடித்தண்டு சற்று வளைந்து, பிறகு நிமிர்ந்திருக்கும். அந்த வளைவை விட்டுவிட்டு நேராக நட்ட கம்பு போல வரைந்தால், மரம் மலையில் ஒட்டாது.

இன்னொன்றும் உண்டு. கையை உங்களை நோக்கி நீட்டச் சொல்லி வரைந்து பாருங்கள். முழங்கைக்குக் கீழ்ப்பகுதியின் கோடு, மேற்கையின் கோட்டை மறைத்துக்கொண்டு முன்னால் வரும். எந்தக் கோடு முன்னால், எது பின்னால் போய் மறைகிறது என்பதைக் காட்டினால் போதும், ஷேடிங் இல்லாமலே ஆழம் வந்துவிடும். உங்கள் ஏற்காட்டுப் பகோடா பாயின்ட்டிலிருந்து தெரியும் மலை மடிப்புகளும் இதே கணக்குதான்.

நியூட் மாடல் வைத்து வரைவதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா ஐயா? (அம்மாபேட்டை)

வேண்டியதே இல்லை. 1850இல் தொடங்கிய சென்னைக் கவின் கலைக் கல்லூரி போன்ற இடத்தில் படித்தால், மாடலைப் பார்த்து வரைவது பாடத்தோடு வரும். நமக்கு உடுத்திய ஆளே போதும்.

நீங்கள் அம்மாபேட்டைக்காரர் என்பதால் சொல்கிறேன், கைத்தறி நெய்பவரைவிட நல்ல மாடல் கிடைப்பது கஷ்டம். ஒரு கை கயிற்றைச் சுண்டி, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும், மறு கை பலகையை இழுத்து அடிக்கும், கால் மிதியை மாற்றும். அதே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், பாதியில் விட்ட தோளை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். முதுகு எங்கே வளைகிறது, வேகம் கூடும்போது தலை எப்படி முன்னால் வருகிறது என்று மட்டும் பாருங்கள். தறியையே வரைய ஆரம்பித்துவிடாதீர்கள். கேட்டுவிட்டு உட்காருங்கள், முடித்ததும் நோட்டைக் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்டிலும் வரையலாம். ஆனால் முன்பின் தெரியாத பெண்களை உற்றுப் பார்த்து வரைவது தவறு. அங்கே தூரத்தில் நிற்கும் கூட்டத்தை வரையுங்கள்.

எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயில் சிற்பங்களைப் பார்த்து வரைந்தால் போதாதா? (தாரமங்கலம்)

பாதி வேலை நடக்கும். ரதியும் மன்மதனும் அசையாமல் நிற்பார்கள், சுற்றி வந்து பார்க்கலாம், காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் நிழல் மாறுவதைப் படிக்கலாம். திரட்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே தேர்வு முழுவதையும் சிற்பி முடித்துவிட்டார். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, ஒன்பது தாளம் (நவதாளம்), பத்துத் தாளம் (தசதாளம்) என்று அளந்து செய்த உடம்பு அது. தெருவில் போகிறவர் தலை அளவில் சுமார் ஏழரை பங்கு உயரம்தான் இருப்பார். எதை விடுவது, எதை நீட்டுவது என்று நீங்களே முடிவெடுக்கப் பழக உயிருள்ள ஆள் வேண்டும்.

அண்ணா, தசைகளின் பெயரெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? (ஓமலூர்)

வேண்டாம் தம்பி. விலாக்கூடு, இடுப்பெலும்பு, இரண்டையும் இணைக்கும் முதுகெலும்பு, இந்த மூன்றும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார். அப்புறம் தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் இடங்கள்: கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, முட்டி, கணுக்கால். தசை ஆளுக்கு ஆள் மாறும், இந்த இடங்கள் கைகொடுக்கும்.

நான் சேலை டிசைன் போடுகிறேன் சார். மாங்காய், மயில், கொடி. எனக்கு இதில் என்ன இருக்கிறது? (இளம்பிள்ளை)

உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. நீங்கள் டிசைன் போடுவது தட்டையான திரையில், அதைப் பார்க்கப்போகிறவர்கள் பார்ப்பது ஒரு பெண்ணின் உடம்பில். சேலை கட்டியவரை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி வரைந்து பாருங்கள். கொசுவத்துக்குள் எவ்வளவு துணி போய் மறைகிறது, தோளில் மடித்துக் குத்திய முந்தானையில் எந்தப் பகுதி கண்ணுக்குத் தெரிகிறது, இடுப்பைச் சுற்றி வரும்போது பார்டர் எங்கே உடைகிறது, எல்லாம் கையோடு தெரியும். திரையில் கம்பீரமாக இருந்த பெரிய மயில், மடிப்பில் கழுத்தில்லாமல் போகலாம். அதைச் சின்னதாக்குவதா, இடம் மாற்றுவதா என்று அப்போது உங்களுக்கே தோன்றும்.

செல்போனில் போட்டோ எடுத்து வரைகிறேன். பரவாயில்லையா? (ஐந்து ரோடு)

ஆள் கிடைக்காத நாளில் சரி. பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கும் கையும் பெரிதாக விழும், ஜாக்கிரதை. அதோடு, கனமுள்ள உடம்பைத் தட்டைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் நீங்கள் பழக வேண்டிய வேலை. போட்டோவில் அதை கேமரா முடித்துக் கொடுத்துவிடுகிறது.

நான் அப்ஸ்ட்ராக்ட், அதாவது உருவமில்லாத ஓவியம் வரைகிறவன். எனக்கும் இது உண்டா? (அஸ்தம்பட்டி)

ஓவியர் கே.எம்.ஆதிமூலத்தைப் பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளியவர், பிறகு எண்ணெய் வண்ணத்தில் முழு அரூபத்துக்குப் போனார். அந்த வண்ணப் பரப்புகளில் ஒன்று இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது. உருவம் வரைந்த கை அங்கேயும் வேலை செய்கிறது என்றே நான் நம்புகிறேன்.

தினமும் எப்படிப் பழகுவது? (சூரமங்கலம்)

பேனாவால் வரையுங்கள், ரப்பர் வேண்டாம். அரை நிமிடப் படங்கள் சில, ஒரு நிமிடத்தில் சில, கடைசியில் ஐந்து நிமிடத்தில் ஒன்று. முதல் கோடு தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஓட வேண்டும். கண், மூக்கில் ஆரம்பித்தால் அங்கேயே நேரம் தீர்ந்துவிடும்.

முக்கியமான ஒன்று: இதை முடித்த கையோடு உங்கள் சொந்த வேலையில் உட்காருங்கள். ஆள் வரைய ஒரு நோட்டு, மலை வரைய ஒரு நோட்டு என்று மாதக்கணக்கில் தனித்தனியே வைத்திருப்பவர்களுக்கு ஒன்றின் பலன் மற்றதில் வருவதில்லை. அதே பக்கத்தில், ஆளுக்குப் பக்கத்திலேயே மரத்தையும் அரை நிமிடத்தில் வரையுங்கள்.

இதனால் திருந்தாதது ஏதாவது உண்டா? (கொண்டலாம்பட்டி)

வண்ணம். வருடக்கணக்கில் பேனாவால் உருவம் வரைந்தாலும், ஏரி மேல் பனி இறங்கும்போது பச்சை எப்படிச் சாம்பலாகிறது என்று தெரியாது. அதற்கு வண்ணத்தோடு தனியாக உட்கார வேண்டும்.