எகனாமிக்ஸ் வாத்தியாருக்கு டேட்டா சயின்ஸ்ல என்ன வேலை? – கடிதம்

வணக்கம் சார்,

ஜப்பான்ல ஷிகா பல்கலைக்கழகத்தோட டேட்டா சயின்ஸ் பீடத்துக்கு அடிபோட்ட தலைவர் ஒரு எகனாமிக்ஸ் பேராசிரியர்னு எழுதியிருந்தீங்க. நான் பி.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம். கோடிங் தெரிஞ்சவங்களுக்குத்தானே டேட்டா சயின்ஸ், அவருக்கு அதுல என்ன வேலை?

எம்.

அன்புள்ள எம்.,

நல்லா கேட்டீங்க. நீங்க கேட்ட அந்த தலைவர் தகாமிட்சு சாவா, எகனோமெட்ரிக்ஸ் ஆளும்மா, அதாவது புள்ளிவிவரத்த வச்சு பொருளாதாரத்த அளக்கற துறை. விலையையும் விற்பனையையும் வச்சு ஒரு கோடு போட்டா அது டிமாண்டா சப்ளையான்னே சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே நேரத்துல ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கும், அதை பிரிக்கறதுக்குன்னு சில மதிப்பீட்டு முறைகள் இருக்கு, கையில கொஞ்சூண்டு டேட்டா இருக்கும்போது அதெல்லாம் எவ்வளவு தடம் மாறும்னு 1969லயே பேப்பர் போட்டவர். டேட்டாவ நம்பறதுக்கு முன்னாடி சந்தேகப்படணும்னு பழகின மனுஷன் அவர்.

2010ல இருந்து 2016 வரைக்கும் ஷிகாவுக்கு தலைவரா இருந்தார், நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி. அப்போ ஜப்பான்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குன்னு தனி பீடமே கிடையாது, அந்த ஆளுங்க எகனாமிக்ஸ், இன்ஜினியரிங், மருத்துவம்னு அங்கங்க சிதறிக் கிடந்தாங்க. பீடம் 2017 ஏப்ரல்ல ஹிகோனே ஊர்ல 100 சீட்டோட தொறந்தப்போ அவர் பதவியில இல்ல, ஆனா திட்டம் அவர் காலத்துது. முதல் டீனா வந்த அகிமிச்சி தகெமுராவும் டோக்கியோ பல்கலைக்கழக எகனாமிக்ஸ் பீடத்துல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர்தான், 2022ல அவரே ஷிகா பல்கலைக்கழகத்துக்கு தலைவரானார்.

எனக்கு சாவாகிட்ட ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு. 2015 ஜூன்ல ஜப்பான் கல்வி அமைச்சகம் தேசிய பல்கலைக்கழகங்களுக்கு ஒரு உத்தரவு அனுப்புச்சு, கலை, சமூக அறிவியல் துறைகளை மூடுங்க இல்ல வேற ஏதாவதா மாத்துங்கன்னு. அரசாங்க பணத்துல ஓடற பல்கலைக்கழகத்துக்கு தலைவரா உக்காந்துகிட்டே அதை எதிர்த்து பத்திரிகையில பேர் போட்டு எழுதினார். ஒரு பக்கம் டேட்டா சயின்ஸுக்கு திட்டம், இன்னொரு பக்கம் இலக்கியம் வரலாறுக்கு வக்காலத்து. எனக்கு இதுல முரண்பாடே தெரியல, ஷிகா பாடத்திட்டத்துலயே டேட்டாவ கையாள்றது, அலசறது, அதுல இருந்து ஒரு துறைக்கு பயன்படற மதிப்ப எடுக்கறதுன்னு மூணையும் வச்சிருக்காங்க, மூணாவதுக்கு உலகம் தெரியணும்ல.

உங்களுக்கு கிட்டத்துலயே ஒரு உதாரணம். நம்ம பிஎல்எஃப்எஸ் தொழிலாளர் சர்வேல, வீட்டுக் கடையில சம்பளம் இல்லாம உக்கார்ற பொண்ணும் வேலையில இருக்கறவங்க கணக்குலதான் வருவாங்க, ஆனா அவங்க பேர்ல வருமானம் கிடையாது. அதை சைபர்னு வச்சு சராசரி போட்டா சுயதொழில் பெண்களோட வருமானம் ஒண்ணு வரும், அவங்கள விட்டுட்டு போட்டா வேற ஒண்ணு வரும். பைத்தான்ங்கற கோடிங் மொழி ரெண்டையும் ஒரு நொடியில போட்டுத் தரும், எதை எடுத்துக்கணும்னு உங்க எகனாமிக்ஸ்தான் சொல்லணும்.

அந்த டேட்டா அரசு சைட்லயே ஃப்ரீயா கிடைக்குது, பதிவு பண்ணா போதும். லீவுல இறக்கி தமிழ்நாட்டுக்கு மட்டும் ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க, வித்தியாசம் எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்.