ஊசி போகிற இடத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள சார்,

மண்டையோடு, மூன்று உறை, நடுவில் நீர் என்று மூளையும் தண்டுவடமும் எத்தனை காவலுக்குள் இருக்கின்றன என்பதை எழுதியிருந்தீர்கள். அடுத்த வாரம் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்களாம். அத்தனை காவலையும் தாண்டி ஊசி உள்ளே போனால் தண்டுவடத்தில் குத்திவிடாதா? சிரிப்பார்களோ என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்க மாட்டார்கள், தாராளமாகக் கேளுங்கள். ஊசி போகிற இடத்தில் தண்டுவடமே கிடையாது.

முதுகெலும்பு நெடுகத் தண்டுவடம் ஓடுகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கருவில் 3-ஆம் மாதம் வரை அது சரிதான், இரண்டும் ஒரே நீளம். அப்புறம் எலும்பு வேகமாக வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளத்தோடு, இடுப்புப் பகுதியின் முதல் அல்லது 2-ஆம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். ஆனால் கால்களுக்குப் போகிற நரம்புகளுக்கான வாசல் இன்னும் கீழே இருக்கிறதே! அதனால் அவை கற்றையாகத் தொங்கியபடி இறங்குகின்றன. மருத்துவத்தில் அதற்குப் பெயரே 'குதிரைவால்'. உறையும் நீரும் வடத்தோடு நின்றுவிடாமல் அந்தக் கற்றையைச் சுற்றிக் கீழே வரை தொடர்கின்றன. ஊசிக்குக் கிடைத்த சந்து அதுதான்.

டாக்டர் உங்கள் இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பையும் தடவிப் பார்ப்பார். அவற்றை இணைக்கும் கோடு இடுப்புப் பகுதியின் 4-ஆம் முள்ளெலும்பை ஒட்டிப் போகும். முகவாய் நெஞ்சில் படும்படி குனிந்து, முதுகை வளைத்து உட்காரச் சொல்வார். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். ஊசி வெளியுறையைத் தாண்டும்போது சட்டென்று இளகுவது அவர் விரலுக்குத் தெரியும். பின்முனையில் தெளிந்த நீர் சொட்டினால் இடம் சரி. உள்ளே நரம்புகள் நூல் மாதிரி நீரில் மிதப்பதால் ஊசிமுனைக்குப் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். காலில் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் மட்டும் அசையாமல் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், யோசிக்க வேண்டியது அந்த நீரைப் பற்றித்தான். மொத்தமே சுமார் 150 மி.லி. ஆனால் 1,400 கிராம் மூளை அதில் மிதப்பதால் 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது. ஊசித்துளை வழியாக நீர் கசிந்தால் அந்த மிதப்பு குறையும். எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால் விடும். 1898-இல் ஜெர்மனியில் இந்த மயக்கமுறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியர் தன் முதுகிலேயே அதைச் சோதிக்கப் போய், ஊசியும் சிரிஞ்சும் பொருந்தாமல் நீர் ஒழுகி, பல நாள் படுத்துக் கிடந்தார். பாவம், நல்ல பாடம்தான். இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை என்பதால் அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவரா நீங்கள்? அதை ஊசி போடும் நாளில் அல்ல, இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.