நினைவுச் சிமிழ் கடைவது: கேள்விகளும் பதில்களும்

மறைந்தவரின் அஸ்தியில் சிறு பகுதியை வைத்துக்கொள்வதற்கான மரச் சிமிழ்களைக் கையால் செய்வது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, கனடாவில் மரக் கடைசல் வேலை (மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் வடிவமைப்பது) செய்யும் அன்பர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மாவின் அஸ்தியைக் கீரிமலையில் கரைக்கப் போகிறோம். நானும் தங்கையும் சிறிதளவு மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறோம். சிமிழ் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம் அஸ்தி என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு. அதனால்தான் பெரியவர்களுக்கான முழுக் கலசம் 200 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றேகால் லிட்டர் கொள்ளும்படி செய்யப்படுகிறது. உங்களுக்கு 5 செ.மீ. உள்விட்டமும் 6 செ.மீ. ஆழமும் போதும், அது சுமார் 118 மி.லி. கொள்ளும். அஸ்தியைச் சிறு பையில் இட்டே வைக்க வேண்டும் என்பதால், பையின் வாயை மடிப்பதற்கும் சற்று இடம் விடுங்கள்.

கேள்வி: அப்பா வளர்த்த செர்ரி மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அதிலேயே செய்ய முடியுமா ஐயா?

தாராளமாக முடியும், கடையில் வாங்கும் எந்த மரமும் அதற்கு ஈடாகாது. ஆனால் இன்றே தொடங்குங்கள். துண்டுகளின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நடுத்தண்டின் (மரத்தின் நட்டநடுவில் ஓடும் மையப் பகுதி) வழியே நெடுக்காகப் பிளந்துவிடுங்கள்; நடுத்தண்டை உள்ளே வைத்துக் கடைந்த சிமிழ் பெரும்பாலும் வெடித்துவிடும். பச்சை மரம் காற்றில் உலர, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வளவு காத்திருக்க இயலாவிட்டால், சிமிழ்ச் சுவரின் கனம் அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்குமாறு முதலில் முரடாகக் கடைந்து, காகிதப் பைக்குள் சில மாதங்கள் வையுங்கள். அதற்குள் அது கோணி நீள்வட்டமாகிவிடும்; எடை குறைவது நின்ற பிறகு மீண்டும் கடைசலில் ஏற்றி வட்டமாக்கிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று மிகவும் வறண்டுபோகும் இந்நாட்டில், இந்தப் பொறுமை இல்லாமல் செய்த மூடி ஒரே பனிக்காலத்தில் இறுகிப்போகும்.

கேள்வி: மூடியைப் பசையிட்டு ஒட்டிவிடலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்று பிரிய மனமில்லாமல் வைத்துக்கொள்பவர்கள், பத்து ஆண்டுகள் கழித்து அதையும் கடலில் கரைக்க விரும்பக்கூடும். அன்று அவர்கள் உளியால் நெம்பித் திறக்கும் நிலை வரக்கூடாது. மூடியின் கழுத்தைச் சிறிது சிறிதாகச் சீவி, திறக்கும்போது மெல்லிய இழுவை தெரியும் அளவில் நிறுத்துங்கள். திருகு மூடி இன்னும் பாதுகாப்பானது. ஆனால் கையால் மரை வெட்டுவதற்கு மிக நெருக்கமான இழையுள்ள கடினமரம் வேண்டும், செர்ரியில் மரையின் முனைகள் உதிர்ந்துவிடும்.

கேள்வி: உட்புறம் எண்ணெய் பூசலாமா?

மூடிய சிமிழுக்குள் எண்ணெய் வாடை நெடுநாள் தங்கும். உள்ளே மெல்லிய அரக்குப் பூச்சு போதும். அது விரைவில் காய்ந்து வாடையற்றுப் போகும். வெளியே ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது தானாகவே தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள்.

கேள்வி: விமானத்தில் கொண்டு செல்லலாமா?

கைப்பையில் கொண்டு செல்லுங்கள். எக்ஸ்ரே கதிர் மரத்தை ஊடுருவும் என்பதால் சோதனையில் உலோகக் கலசத்துக்கு வரும் சிக்கல் இதற்கு வராது. தகனச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் உடன் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.