கிராஃபீன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பென்சிலில் இருப்பதும் கிராஃபீன்தானே?

பதில்: பென்சிலில் கிராஃபைட்டும் களிமண்ணும் இருக்கின்றன. கிராஃபைட்டின் ஒவ்வோர் அடுக்கும், அதாவது ஓர் அணு தடிமன் உள்ள ஒவ்வொரு கார்பன் படலமும், கிராஃபீன். அடுக்குக்குள் கார்பன் அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் இறுகப் பிணைந்திருக்கும். அடுக்குகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர்; அங்கே பிடிப்பு குறைவு. எழுதும்போது அவை வழுக்கிக் கழன்று தாளில் ஒட்டுகின்றன.

கேள்வி: ஒட்டு நாடாவால் பிரித்தார்களாமே?

பதில்: ஆமாம். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் குழு அப்படித்தான் பிரித்தது. இருவருக்கும் 2010-இல் நோபல். பிரித்ததைவிட, ஓர் அணு தடிமன் உள்ள படலத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் தேடிப் பிடித்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சிலிக்கான் தகட்டின் மேல் சுமார் 300 நானோமீட்டருக்கு ஆக்சைடு இருந்தால், ஒளிக் குறுக்கீட்டால் படலம் லேசான நிற மாற்றமாகத் தெரியும். ஆக்சைடின் தடிமன் கொஞ்சம் தப்பினாலும் கண்ணுக்குச் சிக்காது.

கேள்வி: சிலிக்கான் சில்லுகளை ஒழித்துவிடுமா?

பதில்: அப்படி நம்பாதீர்கள். எலெக்ட்ரான்கள் இதில் அசாத்திய வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் மின்னோட்டத்தை நிறுத்தி வைக்க உதவும் ஆற்றல் பட்டை இடைவெளி (எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் எல்லை) இயல்பான கிராஃபீனில் கிடையாது. அதனால் டிரான்சிஸ்டரை அணைத்தாலும் மின்னோட்டம் கசியும். உணரிகளில்தான் எனக்கு அதிக நம்பிக்கை: எல்லா அணுவும் மேற்பரப்பிலேயே இருப்பதால், ஒட்டும் வாயு மூலக்கூறுகூட மின்தடையை மாற்றிவிடும்.

கேள்வி: இரண்டு அடுக்கைத் திருகி வைத்தால் மீகடத்தியா?

பதில்: சுமார் 1.1 டிகிரி திருக வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பாப்லோ ஹரியோ-ஹெரேரோ குழு காட்டியது. மின்னழுத்தத்தால் எலெக்ட்ரான் அடர்த்தியைச் சரிசெய்து, 1.7 கெல்வினுக்கு (சுமார் -271 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தால் மின்தடை மறைகிறது; அதுதான் மீகடத்தல். புதிதாக ஒரு தனிமமும் சேர்க்காமல், கோணத்தை மாற்றியே பொருளின் குணத்தை மாற்றுகிறார்கள்!

கேள்வி: "எஃகைவிட 200 மடங்கு உறுதி" என்று விற்கும் பொடியை வாங்கலாமா?

பதில்: அந்தப் பேச்சுக்கு அடிப்படையான, 2008-இல் அளந்த 130 கிகாபாஸ்கல் இழுவலிமை, குறையில்லாத ஒற்றைப் படலத்தின் நுண்ணிய பரப்பில் கிடைத்தது. பொடிக்கு அது பொருந்தாது. ராமன் நிறமாலையை (லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறுவதைக் காட்டும் வரைபடம்) கேட்டு வாங்குங்கள். ஒற்றை அடுக்கென்றால் அதில் 2700 செ.மீ⁻¹ அருகே கூர்மையான ஒரே முகடு எழும். கிராஃபைட்டில் அது அகன்று, பக்கத்தில் ஒரு தோள் தெரியும். 1350 செ.மீ⁻¹ அருகே உயரமான முகடு இருந்தால் படலத்தில் குறைகள் அதிகம். பத்து அடுக்கைத் தாண்டினால் அது கிராஃபைட்தான். வரைபடம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: கிராஃபீன் ஆக்சைடும் அதேதானா?

பதில்: இல்லை, அது ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீன்; மின்சாரத்தைக் கடத்தாது. ஒடுக்கினால் (ஆக்சிஜனை நீக்கினால்) கடத்துதிறன் ஓரளவு மீளும், குறைகள் தங்கிவிடும். ஆனால் கிராஃபீன் ஆக்சைடு நீரில் நன்றாகப் பரவிக் கலக்கும், அதனால் வடிகட்டிப் படலம் செய்ய வாகானது.